உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க

ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுக் கடைப் படி இறங்கும்போது நம் வீட்டுப் பெண்கள் கடைசியாக ஒன்று சொல்வார்கள், கவனித்திருக்கிறீர்களா? "அண்ணே, உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைங்க." அளவு ஜாக்கெட் கொடுத்தாயிற்று. கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம் எல்லாம் சொல்லியாயிற்று. ஆனாலும் இதைச் சொல்லாமல் யாரும் கிளம்புவதில்லை.

பழைய துணியை வேறொன்றாக மாற்றித் தைப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இங்கிருந்துதான் தொடங்கத் தோன்றுகிறது. மாற்றித் தைப்பது, துணி பழசான பிறகு யோசிக்கிற வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது முதல் தையலின்போதே ஆரம்பித்துவிடுகிறது. முதலில் தைத்தவர் எவ்வளவு இடம் விட்டாரோ அவ்வளவுதான் பின்னால் தைக்கிறவருக்குக் கிடைக்கும்.

ஜாக்கெட்டின் பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு புறமும் ஓரங்குலம் துணி மடிந்து கிடக்கும். நல்ல தையல்காரர் அதில் ஒன்றுக்கு மூன்றாகத் தையல் ஓட்டியிருப்பார். பிள்ளை பெற்று உடம்பு பூரித்தால் உள்வரிசைத் தையல் ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும். காய்ச்சலில் கிடந்து இளைத்தால் மறுபடி ஓர் ஓட்டுத் தையல். பல வருஷம் அந்த ஒரே ஜாக்கெட் உடம்போடு கூடவே வரும்.

பெண் பிள்ளைகளின் பட்டுப்பாவாடையில் இதே ஏற்பாடுதான் டக். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு வயதுக்குப் போதுமான நீளத்தில் துணி எடுத்து, மிச்சத்தைக் கரைக்கு மேலே இரண்டு மூன்று மடிப்பாகப் பிடித்துத் தைத்துவிடுவார்கள். "வளர்ற பிள்ளை" என்பார் எங்கள் ஆயா. அதற்குமேல் விளக்கம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு டக் பிரியும். பிரித்த இடத்தில் வெயில் படாத பழைய நிறம் ஒரு கோடாகத் தெரியும். அதன்மேல் ஒரு வரிசை லேஸ் வைத்து அடித்தால், அந்த வருஷம் மாசி மகத்துக்கு அதுவே புதுப்பாவாடை. விருத்தகிரீஸ்வரர் கோயில் தேரோட்டத்தில் நாங்கள் உடுத்திக்கொண்டு நின்ற பாவாடைகளில் பாதி, முந்தின வருஷமும் தேர் பார்த்தவைதான்.

விருத்தாசலத்தில் இருப்பதால் இந்த இடம் விடும் கணக்கு எனக்கு இன்னும் நன்றாகப் பிடிபட்டது என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் பீங்கான் ஊர். பீங்கான் தொழிற்பேட்டையும், அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் பயிலகமும் இங்கே உண்டு. மின்சாரப் பெட்டியில் இருக்கும் வெள்ளை பியூஸ் கேரியர் முதல் கொலுப் பொம்மை, அகல்விளக்கு வரை இங்கே செய்கிறார்கள். பொம்மை செய்யும் பட்டறையில் போய்ப் பாருங்கள். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி எடுப்பார்கள். பச்சையாக இருக்கும் பொம்மை காய்ந்து, சூளைக்குள் போய் வெளியே வரும்போது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். கலவையைப் பொறுத்து அதற்கு மேலும் சுருங்கும். அதனால் அச்சு செய்யும்போதே சுருக்கத்தைக் கணக்குப் போட்டுப் பெரிதாகச் செய்கிறார்கள். நாளை வரப்போகும் மாற்றத்துக்கு இன்றைக்கே இடம் விடுகிற புத்தி அது. ஆனால் ஒரு தடவை வெந்த பீங்கான் மறுபடி களிமண் ஆகாது, உடைந்தால் உடைந்ததுதான். துணி அப்படி இல்லை. சேலையாக இருந்தது பாவாடையாகி, பாவாடை தலையணை உறையாகி, உறை கரித்துணியாகி, நாலைந்து பிறவி எடுத்துவிட்டுத்தான் போகிறது.

இப்போது கடையில் வாங்கும் ரெடிமேட் துணியைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். ஓவர்லாக் அடித்த ஓரம் கால் அங்குலம் இருந்தால் பெரிது. ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் வெட்டும் தொழிற்சாலையில் ஒரு சட்டைக்கு ஓரங்குலம் மிச்சம் பிடித்தால் மொத்தத்தில் பல மீட்டர் லாபம். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரி. ஆனால் அந்தச் சட்டை போடுகிற பிள்ளை ஒரு விரல் பருத்தாலும் சட்டைக்கு ஆயுசு முடிந்தது. துணி கிழிவதற்கு வெகு முன்னாலேயே உடுப்பு செத்துவிடுகிறது. அலமாரி நிறைய நல்ல துணியும் போட எதுவும் இல்லாத நிலையும் ஒன்றாக இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம்.

அப்படிப்பட்ட துணியையும் மாற்றலாம். அதற்கு முதலில் அதைப் படிக்க வேண்டும். எந்த உடுப்பும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே திடமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை. நான் துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பேன். இழை விலகிய இடத்தில் வெளிச்சம் பொசபொசவென்று வரும். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் அந்த இடத்தை மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். திடமான துணி எதிர்த்து நிற்கும், இற்றுப்போனது சத்தமில்லாமல் விலகும்.

சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை மீட்டரில் முதலில் போவது கீழ்க்கரை, குதிகால் படும் இடம். அடுத்தது தோளில் ஊக்கு குத்தும் இடம். கொசுவம் செருகும் இடத்தில் மடிப்புத் தடம் விழும். ஆனால் இடுப்பைச் சுற்றி முதல் சுற்றாக உள்ளே போகும் துணி இருக்கிறதே, அது வெயிலையே பார்த்திருக்காது. பத்து வருஷம் கட்டிய சேலையிலும் அந்த ஒன்றரை மீட்டர் கடையில் எடுத்த நிறத்திலேயே இருக்கும். ஒரு சிறு பெண்ணுக்குப் பாவாடை சட்டை தைக்க நான் எப்போதும் கத்தரி வைப்பது அங்கேதான். முந்தானை அலங்காரத்துக்கு ஆகும், நடுவில் மிஞ்சும் மங்கின பாகம் லைனிங்குக்கு ஆகும். இப்படி மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு சேலையில் ஒரு குடும்பத்துக்கே உடுப்பு இருக்கிறது.

ஆண்கள் சட்டையில் முதலில் நைந்து போவது காலர் மடிப்பு. முன்பெல்லாம் காலரைப் பிரித்து, அடிப்பக்கத்தை மேலே திருப்பி வைத்துத் தைத்துக் கொடுப்பார்கள், சட்டை இன்னும் இரண்டு வருஷம் ஓடும். இன்றைக்கும் வீட்டிலேயே செய்யலாம், ஒரு மணி நேர வேலை. தையலைப் பிரிக்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. கைமுட்டியும் அக்குளும் போய்விட்ட சட்டை என்றால் முதுகுத் துணியைப் பாருங்கள், ஒட்டு ஒன்றும் இல்லாத முழுத்துண்டு, சின்னக் குழந்தைக்கு ஒரு சட்டையே வரும். முன்பக்கத்தைப் பொத்தான் பட்டியோடு அப்படியே வெட்டினால் தலையணை உறை தயார். காஜா எடுக்கும் வேலையும் மிச்சம். பேன்ட்டில் முட்டியும் உட்காரும் இடமும் போகும், கெண்டைக்கால் பாகம் கெட்டியாக இருக்கும், பை தைக்க அதைவிடத் திடமான துணி கிடையாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடை செய்தார்கள், 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கமே தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் மஞ்சப்பை எல்லாம் பழைய பேன்ட் கால்தான். இரண்டு கிலோ வெங்காயத்துக்கு அசையாது.

பெண்கள் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தால் இந்த ஊர்ப்பக்கத்தின் மிகப் பழைய மாற்று உடுப்பு தெரியும். சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. முந்திரித் தோப்பிலும் கரும்புக் காட்டிலும் களையெடுக்கிற இடத்திலும் அதுதான் சீருடை. வெயிலும் சுணையும் கையில் படாது, சட்டைப்பையில் வெற்றிலை வைத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்துத்தான் பீங்கான் பட்டறைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு மேலுடுப்பு ஒன்று தைத்துக் கொடுத்தேன். பழைய சட்டையைத் திருப்பிப் போட்டு, பொத்தான் முதுகுப்பக்கம் வருகிற மாதிரி. முன்பக்கம் ஒட்டில்லாத முழுத்துணி, கை மணிக்கட்டில் எலாஸ்டிக். அவரிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன், உங்களுக்கும் சொல்கிறேன். பீங்கான் பட்டறைத் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பழைய துணியில் தைத்த முகமூடி அதைத் தடுக்காது, அதற்கென்று உள்ள முகமூடிதான் வேண்டும். வேலை உடுப்பை வீட்டு வாசலில் உதறவும் கூடாது. தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும். துணியை எவ்வளவு நேசித்தாலும் அதனால் ஆகாத வேலை எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முந்திரி என்றதும் கறை ஞாபகம் வருகிறது. பங்குனி, சித்திரையில் முந்திரிப்பழச் சாறு பட்ட துணி எந்தச் சோப்புக்கும் மசியாது. பழத்தில் உள்ள துவர்ப்புச்சத்து, டானின், இழையைப் பிடித்துக்கொள்கிறது. இதை மறைக்க ஒட்டு வைக்கலாம், பூத்தையல் போடலாம். எனக்குப் பிடித்த வழி முழுத் துணிக்கும் அதே சத்தைக் கொடுத்துவிடுவது. கடுக்காய்த் தூளை ஊறவைத்த தண்ணீரில் துணியை நனைத்துக் காயவைத்து, பிறகு துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நாட்கணக்கில் ஊறவைத்த கரைசலில் தோய்த்தால், டானினும் இரும்பும் சேர்ந்து சாம்பலிலிருந்து கறுப்பு வரை நிறம் ஏறும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு போடும் பழைய முறை இதுதான். தஞ்சைப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முந்திரிக் கறை அந்தக் கறுப்பிலேயே கரைந்துவிடும். இரும்பு அதிகமானால் நாளாக ஆகப் பருத்தி நூல் பலமிழக்கும், அதனால் தோய்த்ததும் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிவிடுங்கள்.

சாயம் என்றால் கைலியையும் சொல்ல வேண்டும். எங்கள் கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பேர் போனது. பழைய கைலியில் குழந்தைகளுக்குக் கால்சட்டை தைத்தால் அவ்வளவு அழகு, கட்டம் கட்டமாக வருவதால் வெட்டுவதற்குக் கோடுகூடப் போட வேண்டாம். நம் பக்கத்துக் கட்டம் போட்ட துணி 'மெட்ராஸ்' என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போய், 1958இல் அங்கே துவைத்தவர்களின் துணியிலெல்லாம் சாயம் இறங்கிப் பெரிய புகார் ஆனது. பிறகு அந்தச் சாயம் இறங்குவதையே அதன் பெருமையாக விளம்பரம் செய்து விற்றார்கள். நாம் எடுப்பது பத்து வருஷம் துவைத்த கைலி. இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்தது. கைக்குழந்தையின் தோலுக்கு அதைவிட நம்பகமான துணி கடையில் இல்லை.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம். பழைய உடுப்பில் புதுத்துணியை ஒட்டுப் போடுவதாக இருந்தால் அந்தப் புதுத்துணியை முதலில் இரண்டு முறை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். பழையது சுருங்கி முடித்துவிட்டது, புதியது இனிமேல்தான் சுருங்கும். அப்படியே தைத்தால் முதல் சலவையிலேயே ஒட்டு சுற்றியுள்ள துணியை இழுத்துக் கசக்கிவிடும். நூலும் அப்படித்தான். இற்ற துணிக்கு டெரிகாட்டன் நூல் கத்தி மாதிரி வேலை செய்யும். மெல்லிய பருத்தி நூலும் 11ஆம் நம்பர் ஊசியும் போதும். சாதாரணக் காட்டனுக்கு 14, பேன்ட்டுக்கும் ஜீன்ஸுக்கும் 16.

துணி எந்த நூலில் ஆனது என்று சந்தேகம் இருந்தால் ஓரத்திலிருந்து நாலு இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பட்டு முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். உருகுகிற துணியைக் கரித்துணியாகவோ அடுப்படி ஏப்ரனாகவோ ஒருபோதும் ஆக்காதீர்கள், சூடு பட்டால் கையோடு ஒட்டிக்கொள்ளும். போகியன்று அதிகாலையில் தெருவில் எரிகிற குவியலில் இப்போதெல்லாம் பாதி இந்த வகைத் துணிதான். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டு நிற்கும் நம் பிள்ளைகள். எங்கள் வீட்டில் போகி, துணி பிரிக்கிற நாள். எரிக்கிற வழக்கத்தை விட்டுவிட்டோம். உருகும் துணியில் மிதியடி பின்னலாம், மெத்தைக்கு உள்ளே அடைக்கலாம், வண்டிக்கு உறை தைக்கலாம்.

பருத்திக்கு நம் வீடுகளில் எவ்வளவு வேலை இருந்தது என்று நினைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எட்டு முழ வேட்டி பழசானால் முதலில் இட்லித் துணி, வடிகட்டும் துணி. வெயில் காலத்தில் மொட்டைமாடியில் வற்றல் பிழிய விரிப்பு. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி வாங்கி வைக்காமல், வீட்டுப் பெரியவர்களின் நைந்த வேட்டியைத்தான் முதலில் சுற்றுவார்கள். கஞ்சியும் விறைப்பும் போய், பல நூறு சலவை கண்ட துணி அது. அப்புறம் சேலைத் தூளி. கடைசியாக எஞ்சும் கீற்றுகளைத் திரித்து விளக்குத் திரி. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலை எத்தனை வீடுகளில் இப்படிப் பல உருவம் எடுத்தது என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத்தான் தெரியும்.

வங்காளத்துக் கந்தா என்று கண்காட்சிகளில் பெரிய விலைக்கு விற்கிறார்களே, அதுவும் பழைய சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிய நூலால் ஓட்டுத் தையல் போட்ட போர்வைதான். துணியும் பழசு, நூலும் பழசு. எந்தத் தையல் எந்திரமும் போடாத தையல் அது. அந்தப் பெண்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

நம் கடற்கரையிலேயே ஒன்று நடந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது கடலூர், நாகப்பட்டினம் கரைகளுக்கு நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கம்பளிச் சட்டை, கிழிந்த சுடிதார், பொத்தான் இல்லாத கோட்டு. இந்த ஊர் வெயிலுக்கும் இந்த மக்களின் வழக்கத்துக்கும் ஆகாத துணிகள். வீட்டையும் உறவையும் பறிகொடுத்தவர்கள் அதைத் தொடவில்லை. சாலையோரம் மழையில் நனைந்து குவிந்து கிடந்தது. அன்ஷு குப்தா 1999இல் தொடங்கிய கூன்ஜ் அமைப்பு அந்தக் குவியல்களைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் வேலையைக் கையில் எடுத்தது. அவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது. பழந்துணி கொடுப்பவர் தன் அலமாரியைக் காலி செய்ய நினைக்கிறாரா, வாங்குகிறவரின் உடம்பை நினைக்கிறாரா என்பது அந்தக் குவியல்களைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். துவைத்து, பொத்தான் வைத்து, கிழிசலைத் தைத்துக் கொடுக்க முடியாத துணியை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே சுனாமிக்குப் பிறகு நடந்த இன்னொன்று என் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆரோவில்லில் உமா பிரஜாபதி நடத்தும் உபாசனா என்ற உடை வடிவமைப்பு நிலையத்தில் வெட்டி மிஞ்சிய துண்டுத்துணிகள் இருந்தன. சுற்றியுள்ள மீனவக் கிராமத்துப் பெண்கள் கடலைப் பார்க்கவே பயந்து வீட்டில் கிடந்த காலம். அந்தத் துண்டுகளைக் கொண்டு உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பொம்மை செய்ய அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சுனாமிகா என்று பெயர். செய்த பெண்களுக்குக் கூலி உண்டு, பொம்மைக்கு விலை கிடையாது. யாருக்கும் அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள், விரும்புகிறவர்கள் நன்கொடை தரலாம். லட்சக்கணக்கில் அந்தப் பொம்மைகள் உலகம் முழுக்கப் போயிருக்கின்றன. குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டிய ஈரங்குலத் துணியும், வேலையில்லாமல் நடுங்கிக்கொண்டிருந்த கையும் சேர்ந்த இடம் அது. எங்கள் வீட்டுத் துண்டுத்துணி டப்பாவை நான் யாரையும் கொட்ட விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வடக்கே பானிபட்டில் நடப்பது வேறு அளவு. மேலைநாடுகள் கழித்த கம்பளி உடுப்புகள் கப்பலில் வந்து, அங்கே பெண்கள் அரிவாளில் அவற்றைக் கிழித்து, நிறம் பிரித்து, மறுபடி நூலாக்கிக் கம்பளிப் போர்வை நெய்கிறார்கள். 2012இல் வந்த 'அன்ராவல்' என்ற ஆவணப்படத்தில் அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்: இவ்வளவு நல்ல துணியை ஏன் தூக்கிப்போடுகிறார்கள்? ஒருவேளை அந்த நாட்டில் தண்ணீருக்கு விலை அதிகமோ, துவைப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவோ? அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. தண்ணீரின் விலை நமக்குத் தெரியாததா? திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை போனது நம் கதைதான். ஒரு சட்டையை இன்னும் இரண்டு வருஷம் போட வைத்தால் ஒரு சட்டைக்கான சாயம் எங்கோ ஆற்றில் கலக்காமல் நிற்கிறது.

என் எந்திரம் காலால் மிதிக்கும் பழைய உஷா. இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு கடுமையாகப் பேசிய காந்தியே, 1924இல் அதுபற்றிக் கேட்டபோது தையல் எந்திரத்துக்கு விலக்குக் கொடுத்தார். மனிதரின் உழைப்பைப் பறிக்காமல் அலுப்பைக் குறைக்கிற கருவி அது என்பதை அவர் கண்டுகொண்டார். தமிழ்நாட்டில் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கும் கணவனை இழந்தவர்களுக்கும் இலவசமாகத் தையல் எந்திரம் கொடுக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைகளைத் தைப்பதும் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள்தான். ஒரு வீட்டில் எந்திரம் வந்துவிட்டால் அந்தத் தெருவுக்கே கிழிசல் பயம் போய்விடும். நான் பார்த்திருக்கிறேன்.

பட்டுச் சேலை பற்றிக் கொஞ்சம். பீரோவில் ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் இருந்தால் பட்டு மடிப்பிலேயே விட்டுப்போகும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது எடுத்து மாற்றி மடியுங்கள். விட்டுப்போன சேலையை ஜரிகைக்காக எடைபோட்டு வாங்கிப்போக ஆள் வருவார்கள். பழைய காஞ்சிபுரம் ஜரிகையில் வெள்ளி உண்டு, காசு கிடைக்கும்தான். ஆனால் கரையும் முந்தானையும் மடிப்பைத் தாங்கி நன்றாக இருந்தால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். பின்னால் மெல்லிய மல் துணி வைத்துத் தைத்தால் பேத்திக்குப் பாவாடை வரும். அம்மாவின் முகூர்த்தச் சேலையில் என் தங்கை மகளுக்குத் தைத்தேன். மடிப்பில் விட்ட இடங்கள் எல்லாம் கொசுவத்துக்கு உள்ளே மறைந்துவிட்டன. அவளுக்கு இப்போது ஆறு வயது. மூன்று டக் பிடித்திருக்கிறேன்.

வீட்டில் கையால் தைப்பதற்கு மிகப் பெரிய தேவை குழந்தைகளைவிட வயதானவர்களிடம்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். குழந்தைக்குக் கடை நிறைய உடுப்பு. தோள்பட்டை பிடித்துக்கொண்டு கை தூக்க முடியாத ஒரு பாட்டிக்கு எந்தக் கடையில் ஜாக்கெட் இருக்கிறது? என் அத்தைக்கு, வீட்டுக்காரரின் அம்மாவுக்கு, பக்கவாதம் வந்து வலது கை விழுந்தபோது நைட்டியைத் தலைவழியாக மாட்டுவது அவருக்கும் வலி, எங்களுக்கும் பதற்றம். "என்னை எதுக்கும்மா இந்தப் பாடு படுத்தறீங்க" என்று கண் கலங்குவார். அவருடைய இரண்டு காட்டன் சேலைகளையே எடுத்துப் பிரித்தேன். கழுத்திலிருந்து பாதம் வரை முன்பக்கம் முழுக்கத் திறக்கிற மாதிரி வெட்டினேன். வலது பக்கக் கையை மற்றதைவிட மூன்று அங்குலம் அகலம் வைத்து, தோள் தையலையும் திறக்க வைத்தேன். ஊக்கும் பொத்தானும் வேண்டாம், படுத்திருப்பவருக்குக் குத்தும், கை நடுங்குபவருக்குப் போடவும் வராது. அகலமான வெல்க்ரோவைத் துண்டு துண்டாக வைத்தால் நல்லது. நீளமாக ஒரே பட்டையாக வைத்தால் விறைத்துக்கொண்டு உறுத்தும். முதுகுப் பக்கம் தையலே வரக் கூடாது, ஒரே துண்டாக இருக்கட்டும். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு ஒரு தையல் மேடுகூடப் புண்ணாகிவிடும். சேலையின் பூப்போட்ட பாகம் முன்னால் வருகிற மாதிரி வைத்தேன். பார்க்க வருகிறவர்கள் முன்னால் நோயாளி உடுப்பு மாதிரித் தெரியக் கூடாது என்பதில் அத்தை கண்டிப்பாக இருந்தார், நியாயம்தானே. அவருக்குப் பிடித்த அரக்குச் சேலை அது. அவரே கரையைத் தடவிப் பார்த்துவிட்டு எந்தத் தீபாவளிக்கு எடுத்தது என்று சொன்னார்.

இப்படி ஒன்று உங்கள் வீட்டில் தேவைப்பட்டால் பழைய காட்டன் சேலை இரண்டு போதும், வெல்க்ரோ ஒரு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். போட்டுவிடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கையை அப்புறம். கழற்றும்போது அப்படியே தலைகீழ்: நல்ல கை முதலில், விழுந்த கை கடைசியில். கை அகலத்தை அளக்கும்போது அவர்களின் மெலிந்த கையை அளக்காதீர்கள். உடுத்திவிடுகிறவரின் கையும் உள்ளே போய் அவர் விரலைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும், அதற்கு இடம் வேண்டும்.